டிரைவரக்காவுக்கு அளவெடுத்த துப்பாக்கி

அவரை எல்லோரும் டிரைவரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பஸ்ஸைப் பல வருஷமாக ஓட்டுகிறார். ஆள் குள்ளம், வாய் நீளம். முன்னால் போகும் லாரி வழிவிடாவிட்டால் ஹாரனை நம்பிக்கொண்டிருக்க மாட்டார். கண்ணாடியை இறக்கி ஒரு சத்தம் போடுவார், லாரி ஒதுங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சுடும் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். ஆகாயத்தில் வீசப்படும் களிமண் தட்டைக் கீழே விழுவதற்குள் சுட்டு நொறுக்குகிற விளையாட்டு அது. டிரைவரக்காவுக்கு அதில் அப்படி ஒரு பைத்தியம். பைத்தியம் இருந்த அளவுக்குத் தட்டு உடையவில்லை, அதுதான் சங்கடம்.

துப்பாக்கி கொழுந்தனுடையது. புதிது வாங்கியபோது பழையதை ஆசையாக அண்ணிக்குக் கொடுத்திருந்தான். ஆனால் அவன் ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். அவனுக்கென்று செய்த துப்பாக்கியின் பின்கட்டை, டிரைவரக்காவின் தோளுக்கு வருவதற்குள் சட்டையில் இரண்டு முறை மாட்டிக்கொள்ளும். கன்னத்தைக் கட்டையில் பதித்தால் தட்டே தெரியாது. தலையைத் தூக்கிச் சுட்டால் கட்டை எகிறிக் கன்னத்தில் அறையும். திங்கட்கிழமை பஸ்ஸில் பிள்ளைகள், "அக்கா, யாரு அடிச்சா?" என்று கேட்கும்.

"அண்ணி, துப்பாக்கியைக் குத்தம் சொல்லாதீங்க. என்கிட்ட இருந்தவரைக்கும் ஒழுங்காத்தான் சுட்டுச்சு" என்பான் கொழுந்தன். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, வாய்க் கொழுப்புதான்.

இந்த வருஷம் பெரிய போட்டிக்குப் போகும் கிளப் அணியில் ஒரே ஒரு இடம் காலி. அதற்கு நிற்பவர்கள் அண்ணியும் கொழுந்தனும். "இந்தத் தடவையும் விட்டேன்னா துப்பாக்கியை அவன்கிட்டயே திருப்பிக் குடுத்துடுவேன், அவ்வளவுதான்" என்று டிரைவரக்கா சொன்னார். சொன்னால் செய்துவிடுகிற ஆள். அதைக் கேட்டுப் பதறிப்போனவர் அவருடைய கணவர், ஆஸ்பத்திரியில் சமையல்காரர். வாரம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்தே பாடிக்கொண்டு பாத்திரம் கழுவுகிற மனைவியை அவர் இழக்கத் தயாராக இல்லை. நாலு பேரிடம் விசாரித்து, துப்பாக்கிக்குக் கட்டை செதுக்குகிற ஒருவரைக் கண்டுபிடித்து, மனைவியை அவரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

கட்டைக்காரரின் பட்டறை நீளமான ஒற்றை அறை. தரையெல்லாம் மரச்சீவல், எண்ணெய் வாசனை. பின்வாசலுக்கு வெளியே மண்மேடு, அதன் முன் வெள்ளையடித்த இரும்புத் தகடு. கட்டைக்காரர் துப்பாக்கியைத் திறந்து, காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது யாருதும்மா?"

"கொழுந்தனோடது."

"உசரமானவரா?"

"பல்பு மாத்த ஏணி வேணாம்."

அவர் சிரித்தார். "இதுல பின்னால குறின்னு தனியா ஒண்ணு கிடையாது. உங்க கண்ணுதான் குறி. கன்னம் கட்டையில எங்க உக்காருதோ, அதை வெச்சுத்தான் கண்ணு. கண்ணு மேல ஏறுனா குண்டும் மேல போயிடும்."

அளவெடுப்பதற்கென்றே ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். பின்கட்டை முழுக்கத் திருகாணிகள். நீட்டலாம், குறுக்கலாம், உயர்த்தலாம், பக்கவாட்டில் வளைக்கலாம். டிரைவரக்கா அதை வாங்கித் தோளில் வைத்தார். அளவெடுக்கிறார்களே என்று தேய்த்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். நெஞ்சை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, மூச்சைப் பிடித்து நின்றார். கட்டைக்காரர் திருகாணிகளைத் திருகித் திருகிக் கட்டையைக் கன்னத்தோடு பொருத்தினார்.

வெளியே போய், டிரைவரக்கா தகட்டின் நடுப்புள்ளியைப் பார்த்துச் சுட்டார். தோட்டாவிலிருந்து சிதறிய பொடி ஈயக் குண்டுகள் புள்ளிக்கு ஒரு சாண் மேலே போய் அப்பின. மறுபடி சுட்டார். மறுபடியும் மேலேதான். டிரைவரக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. கட்டைக்காரர் துப்பாக்கியைக் காலியாக்கி அவர் கையிலேயே கொடுத்து உள்ளே கூட்டிவந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்தார்.

வாயே திறக்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்த கணவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லக் கூடாது" என்றார் டிரைவரக்கா.

"இல்ல சார், இவ இப்படி நின்னு நான் பாத்தது எங்க கல்யாண போட்டோவுலதான். அதுக்கப்புறம் பாத்ததே இல்ல. வீட்டுல, பஸ்ஸுல எல்லாம் கழுத்தை முன்னால நீட்டிக்கிட்டுதான் இருப்பா. சண்டைக்கு வர்ற மாதிரி."

"யாரு சண்டைக்கு வர்றது?" துப்பாக்கி சுவரைப் பார்த்தபடியே இருந்தது. வாய் மட்டும் கணவர் பக்கம் திரும்பியது. "குடையைத் தொலைச்சுட்டு வந்து நிக்கிறது யாரு?"

"அம்மா, நிறுத்தாதீங்க!" கட்டைக்காரர் பாய்ந்து வந்தார். "திட்டிக்கிட்டே துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டு வாங்க. சார், நீங்களும் விடாம பேசுங்க."

கணவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குடையைத் தொலைத்தது அவள்தான் என்றார். டிரைவரக்கா வகை வகையாகத் திட்டினார். திட்டத் திட்டத் தோள் இறங்கியது, கழுத்து நீண்டது, தேய்த்த சட்டை கசங்கியது. கட்டைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவசர அவசரமாகத் திருகினார்.

மறுபடி வெளியே போய்ச் சுட்டார். இந்த முறை குண்டுகள் புள்ளியையே காணாமல் அடித்துவிட்டன. டிரைவரக்கா தகட்டுக்கு ஓடிப்போய் அந்த ஈயக்கறையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "என்னங்க, இங்க பாருங்களேன்!" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்திச் சந்தோஷப்பட்டுக் கணவர் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அந்த அளவுக்கே கொழுந்தன் தந்த துப்பாக்கியின் கட்டை குறுக்கப்பட்டு, கன்னம் படுகிற இடம் உயர்த்தப்பட்டது. கையில் வந்த சில நாளிலேயே தேர்வுப் போட்டி. அண்ணியும் கொழுந்தனும் கடைசிவரை சரிசமமாக வந்தார்கள். இனி ஒவ்வொரு தட்டாக, முதலில் தவறவிடுபவர் வெளியே. கொழுந்தன் சுட்டான். தட்டு உடையாமல் போய்ப் புல்லில் விழுந்தது. அடுத்து டிரைவரக்கா. தட்டு கிளம்பியது, கழுத்து நீண்டது, கன்னம் கட்டையில் உட்கார்ந்தது. ஆகாயத்தில் ஒரு பிடி கறுப்புத் தூள்தான் மிச்சம்.

மைதானமே ஆர்ப்பரித்தது. டிரைவரக்கா துப்பாக்கியைக் காலியாக்கித் தாங்கியில் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்.

"ஏன் அழறே? ஜெயிச்சுட்டே!" கணவர் பதறினார்.

"இத்தனை வருஷமா என் கைதான் சரியில்லன்னு நெனச்சேங்க. என்னை நானே எவ்வளவு திட்டியிருக்கேன்!"

கொழுந்தன் நெடுநெடு உடம்பை மடக்கி அவர் முன்னால் குந்தினான். "நானும்தானே அண்ணி சொன்னேன்."

"நீயும்தான் சொன்ன."

"தப்புதான் அண்ணி. என்ன செய்யணும், சொல்லுங்க."

டிரைவரக்கா மூக்கை உறிஞ்சினார். "போட்டி அன்னைக்கு வந்து முன்வரிசையில உக்காந்து கைதட்டணும். எனக்குக் கேக்கணும்."

அவன் போட்டி நாள்வரை காத்திருக்கவில்லை. அங்கேயே, குந்தியபடியே, கைதட்ட ஆரம்பித்தான்.