தோட்டா கேட்டு வந்தவர்கள்

துப்பாக்கிக் கடையில் அதிகம் சத்தம் போடுவது மின்விசிறிதான். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் சகோதர சகோதரிகளே, புடவைக் கடையோ மருந்துக் கடையோ, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

அரியலூரில் ஏறி பெரம்பலூரில் இறங்கி வேலைக்குப் போகிறேன். பஸ்ஸில் யாராவது என்ன கடை என்று கேட்டால், "இரும்புக் கடை" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: "இங்க விக்கத் தெரிய வேணாம்மா. முடியாதுன்னு சொல்லத் தெரியணும். மூணு மாசம் பாப்போம்." நானோ, "கொஞ்சம் நகர்ந்துக்கம்மா" என்றால் எழுந்தே நின்றுவிடுகிற ஆள். இந்த வேலை போனால் சென்னையில் அக்காவிடம் போய்க் கால் சென்டரில் சேர வேண்டும். நாள் முழுக்கப் பேசுகிற வேலை! நினைத்தாலே நாக்கு உலர்ந்துவிடும்.

எத்தனை எச்.பி.?

கல் உடைக்கும் கிரஷர் வைத்திருக்கும் ஒருவர் புது லைசென்சுடன், மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். பாயிண்ட் முப்பத்திரண்டு ரிவால்வரைக் காட்டினேன். "இவ்ளோதானா? என் போர்வெல் மோட்டாரே ஏழரை எச்.பி. பெருசா நைன் எம்.எம். எடும்மா" என்றார். அது போலீசுக்கும் ராணுவத்துக்கும் உரியது. நம்மைப் போன்றவர்களுக்குக் கிடையாது. அதைச் சொல்லாமல், "பார்க்கலாம் சார்" என்று நான் இழுத்தேன். ரிப்பேர் வேலை பார்க்கும் சேவியர் அண்ணன்தான் உள்ளேயிருந்து வந்து காப்பாற்றினார். குண்டு பெரிதா என்பதை விட, கைக்கு அடங்குகிறதா, குறி தவறாமல் இருக்குமா என்பதுதான் முக்கியம் என்று பொறுமையாக விளக்கினார்.

அதுவரை வாய் திறக்காத மனைவி சொன்னார்: "இவருக்கு டி.வி. ரிமோட்டையே எங்க வச்சோம்னு தெரியாது. எதுவா இருந்தாலும் நல்ல பூட்டா ஒண்ணு சேத்துக் குடுங்க."

நீளமானதையே குடு

ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பிஸ்டலுக்குத் தோட்டா வாங்க வந்தார். முப்பத்திரண்டு என்ற பெயரில் இரண்டு வகை உண்டு. பிஸ்டலுக்குரியது குட்டை. ரிவால்வருக்குரியது நீளம், அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். "எண் ஒண்ணுதானே? நீளமானதையே குடும்மா" என்றார். முடியாது என்ற சொல் வழக்கம்போல் வரவில்லை. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து, எது தோட்டா அடுக்கும் மேகசினுக்குள் போகும், எது போகாது என்று முணுமுணுத்தேன். அவர் "புரியுது, புரியுது" என்று நாலு முறை தலையாட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். பிள்ளைங்க ஏன் 'புரியுது சார்'னு பொய் சொன்னாங்கன்னு இன்னிக்குத்தான் புரியுது."

சந்தனப் பொட்டு

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் செந்துறையிலிருந்து ஒரு முந்திரித் தோப்புக்காரர் வந்தார். ரிவால்வரின் உருளை சுற்றவில்லை. சேவியர் அண்ணன் திறந்து பார்த்தால், ஆறு துளையிலும் சந்தனம் காய்ந்து கிடக்கிறது. தனியாக எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்திருந்த தோட்டாக்களுக்கும் ஆளுக்கொரு பொட்டு, மேலே குங்குமம். அண்ணன் டூத்பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் தேய்த்தார். பொட்டு வைத்த தோட்டாவை நம்பக் கூடாது, புதிதாக வாங்க வேண்டும் என்று நான் தரையைப் பார்த்தே சொல்லி முடித்தேன்.

"லாரிக்கு வச்சா ஓடுது, கம்ப்ரெசருக்கு வச்சா ஓடுது. இது மட்டும் என்னம்மா, சாமிக்குக் கட்டுப்பட மாட்டேங்குது?"

அணைக்காத வண்டி

மூன்றாவது மாதம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். சேவியர் அண்ணன் கலெக்டர் ஆபீசுக்கு. அப்போது வந்தார் திருமானூர்க் கரும்பு விவசாயி. எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். பெட்டியில் தயாரித்த வருடத்தைப் படிக்காமல் தோட்டா வாங்க மாட்டார். ஈரம் பட்டவற்றைப் போன மாதம்தான் எங்களிடம் ஒப்படைத்திருந்தார். வீட்டில் ஒன்றுகூட இல்லை.

அன்று பனியனோடு வந்தார். காலில் ஜோடி மாறிய செருப்பு. வெளியே பைக் ஓடிக்கொண்டே இருந்தது. "இருபத்தஞ்சு குடு. எந்த வருஷமா இருந்தாலும் சரி. எங்கண்ணன் வாய்க்கால மறிச்சுப்புட்டான்."

லைசென்ஸ் சரியாக இருந்தது. அலமாரிச் சாவி என் கையில் இருந்தது.

"முடியாது சார்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மின்விசிறியை விடச் சத்தம்.

"ஏன் முடியாது? லைசென்ஸ் இல்லையா?"

"இருக்கு சார். மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணிட்டு வாங்க."

அவர் லைசென்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பைக் சத்தம் தேய்ந்து மறைந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதலாளி வந்ததும், பழைய வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிட்டதை ஒப்புக்கொண்டேன். சென்னை பஸ் கண்முன் நின்றது. அவர் கை துடைத்த துண்டை மடித்து ஆணியில் மாட்டினார்.

"லைசென்ஸ் இல்லாதவனுக்கு முடியாதுன்னு சொல்ல ஒரு போர்டு போதும்மா. நாளைக்கும் வந்துடு."

முடியாத எலெக்‌ஷன்

அதன் பிறகு தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் கலெக்டர் உத்தரவுப்படி லைசென்ஸ் துப்பாக்கிகள் எல்லாம் போலீஸ் ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ வந்து படுத்துக்கொள்ளும். திருமானூர்க்காரரும் கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ரிசல்ட் வந்ததும் எல்லாரும் திரும்ப வாங்கிப் போனார்கள். அவர் மட்டும் வரவில்லை.

ஒரு நாள் வந்தார். இஸ்திரிச் சட்டை. பைக் சாவியை விரலில் தொங்கவிட்டு எனக்கு ஆட்டிக் காட்டினார். "சாப்டியாம்மா?" ரிவால்வரை எடுத்து வைத்தேன். அவர் அதை என் பக்கமே மெதுவாகத் தள்ளினார். "உள்ளயே இருக்கட்டும்."

"எலெக்‌ஷன் முடிஞ்சிடுச்சே சார்?"

"ஊருக்கு முடிஞ்சிடுச்சு. எங்கண்ணனுக்கும் எனக்கும் இன்னும் முடியலம்மா."

தற்காப்புக்கு எந்தத் துப்பாக்கி நல்லது என்று யார் கேட்டாலும், எங்கள் அலமாரியில் பூட்டிக் கிடக்கிற உங்களுடையதுதான் என்று இப்போதெல்லாம் சத்தமாகவே சொல்கிறேன்.