ஏரியும் ஒரு பொய்ப் பஞ்சரும்: ஒரகடம் பக்கம் ஒரு ஞாயிறு

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நான்கு மாதம் ஆகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்கு வந்து குடும்பத்தோடு தங்கியிருக்கும் வெளிநாட்டவர்கள், அதிலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று தேடி இங்கே வந்திருந்தால் வழி, தூரம், செலவு எல்லாம் கீழே இருக்கிறது. என் கோபமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து எழுதிப் பார்த்தேன், முடியவில்லை.

நான், மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள். மூன்று தலைமுறைக்கு முன் கப்பலேறிய குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், ஆனாலும் எங்களுக்கு இது வெளிநாடு. விசா உண்டு, போலீஸ் பதிவு உண்டு. அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படி பற்றிப் பேசினால், "நீங்க நம்ம ஆளு சார், அட்ஜஸ்ட் பண்ணிக்குவீங்க" என்பார்கள். விதிமுறை என்று வந்துவிட்டால் மட்டும் நான் அயல்நாட்டவன் ஆகிவிடுவேன். இந்த இரட்டை வேடத்தை நான் போடவில்லை, எனக்குப் போட்டுவிட்டார்கள்.

எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கம்பெனி ஒப்பந்தக் கார் தருகிறது, டிரைவரோடு. ஞாயிறு வெளியே போக அனுமதிக்கப்பட்ட இடங்கள் என்று சில உண்டு: சென்னையில் இரண்டு மால், கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட். போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டரை. மகள் பாதி வழியில் வாந்தி எடுப்பாள். "பக்கத்திலேயே ஏதாவது இல்லையா?" என்று நிர்வாகப் பிரிவு மேலாளரிடம் கேட்டேன். சிரித்தார். "இங்க பாக்க என்ன சார் இருக்கு? ஃபேக்டரிதான்." லட்சக்கணக்கான பேர் வாழும் நிலத்தைப் பற்றி, அந்த நிலத்தில் சம்பளம் வாங்குகிறவர் சொன்ன பதில் இது.

ஆகவே ஜனவரியில் ஒரு ஞாயிறு, முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கி, செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போவதென்று முடிவு செய்தோம். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நாற்பது வயது, அந்தப் பக்கத்துக்காரர்.

"ஏரிக்கா? ஏரில தண்ணி கீது சார். வேற இன்னா கீது?"

"தண்ணியைப் பார்க்கத்தான்."

"அப்ப சரி. மால்ல அது கெடைக்காது."

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். எங்கள் குடியிருப்பிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர், பெங்களூரு சாலையில் நெரிசலுக்கு முன் போனால் அரை மணி நேரம். கட்டணம் எதுவும் இல்லை. மதகுப் பக்கம் போக விடமாட்டார்கள், காவலர் இருக்கிறார். அவரோடு வாதாட வேண்டாம், நான் வாதாடிப் பார்த்துவிட்டேன். கரை மேல் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். மழைக்காலம் முடிந்த கையோடு ஏரி விளிம்பு வரை நிறைந்திருந்தது. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. "பதினஞ்சு வெள்ளத்துல இங்க தொறந்து வுட்டதுதான் சார், கீழ எத்தினி வூட்டுக்குள்ள பூந்துச்சு தெரியுமா?" என்றார் டிரைவர். மகள் அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் சந்தேகத்தோடு பார்த்தாள்.

திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் இட்லி, பொங்கல், காபி. நான்கு பேருக்கு இருநூற்று எழுபது ரூபாய். டிரைவர் எங்கள் மேசையில் உட்கார மாட்டேன் என்றார், "ரூல்ஸ் சார்." என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கண்ணே, ரூல்ஸ் காருக்குள்ள இருக்கட்டும்" என்றாள்.

அந்த நாற்காலிதான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது என்று நினைக்கிறேன். ஒரகடம் நோக்கித் திரும்பியதும் அவரே பேச்சை எடுத்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. இன்னைக்கு எங்க கோயில் திருவிழா. வூடு வடக்குப்பட்டு தாண்டி, பத்து நிமிஷம். மேடமும் பாப்பாவும் ஒரு வாய் சாப்ட்டுப் போலாம்." அவர் கோயில் என்றது மாதா கோயிலை. போகலாம் என்று சொன்னது நான். தெளிவாக, முழு நினைவோடு, நான்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். அனுமதி இல்லாத இடத்தில் வண்டி கால் மணி நேரத்துக்கு மேல் நின்றால் டிரைவர் தன் போனில் உள்ள கம்பெனி ஆப்பில் காரணத்தைத் தட்ட வேண்டும். நெரிசல், பெட்ரோல், பஞ்சர், பயணிக்கு உடல்நலக் குறைவு. அவ்வளவுதான். சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்ற காரணம் அதில் கிடையாது. அவர் பஞ்சரைத் தட்டிவிட்டு, "ஒண்ணும் கேக்க மாட்டான் சார்" என்றார்.

வீட்டு வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், அண்டாவில் பிரியாணி. மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் இரண்டு பெண்கள் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. எங்களைப் பார்த்ததும் ஒருத்தி டிரைவரிடம், "ஏண்ணே, வெளிநாட்டுக்காரங்கன்னு சொன்னிய, இவங்க நம்மள மாதிரில்லா இருக்காங்க!" என்றாள். இன்னொருத்தி, "இரு, சோறு திங்கட்டும், அப்பத் தெரியும்" என்றாள்.

டிரைவரின் மனைவி என் மனைவியின் இலையைப் பார்த்து, "இன்னாக்கா, குருவி மாதிரி கொத்திக்கினு கீறீங்க? நல்லா போட்டு சாப்டுங்க" என்று அகப்பையோடு வந்தார். என் மகள் அதற்குள் அந்தப் பெண்களோடு சேர்ந்து தேருக்குக் காகிதத் தோரணம் ஒட்டப் போய்விட்டாள். பள்ளியில் அவள் பேச்சைக் கேலி செய்கிறார்கள் என்று ஆறு மாதமாக யாரோடும் சேராதவள். அங்கே அவள் கத்திச் சிரித்தது பந்தல் வரை கேட்டது.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு மெக்கானிக் இறங்கி, "எந்த டயருண்ணே?" என்றார். பஞ்சர் என்று தட்டினால் பழுது வண்டி தானாகவே கிளம்பிவிடும் என்பது அந்த மாதம்தான் வந்த ஏற்பாடாம். டிரைவருக்குச் சொல்லப்படவில்லை. மாடிப்பெண் ஒருத்தி, "பிரியாணி டயருதான் பஞ்சரு, உக்காருங்க" என்றாள். மெக்கானிக்கும் உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்பும்போது தலையைச் சொறிந்தார். "போட்டோ அனுப்பலன்னா வந்த கூலி தரமாட்டான்ணே. டயர மட்டும்தான் எடுக்கறேன்."

போட்டோவில் டயர் நன்றாகத்தான் வந்திருந்தது, முழுக் காற்றோடு. அதற்குப் பின்னால் தோரணத்தோடு என் மகளும், இலை முன் நானும் வந்திருந்தோம்.

செவ்வாய்க்கிழமை கம்பெனி கேட்டில் டிரைவரின் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. நிர்வாக மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "உங்க பாதுகாப்புக்குத்தான் சார். உங்களக் கேக்காம கூட்டிட்டுப் போனான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஆடிட்டுக்கு."

"நான்தான் போகலாம்னு சொன்னேன். அதை எழுதித் தரேன்."

"அப்படி எழுதினா உங்களுக்குத்தான் சார் சிக்கல். நம்ம ஆளுதானே நீங்க, புரிஞ்சுக்கங்க."

எழுதிக் கொடுத்தேன், நடந்ததை நடந்தபடி. எனக்கு ஒரு சிக்கலும் வரவில்லை. 'குடும்பப் பாதுகாப்பு விழிப்புணர்வு' என்று ஒரு மணி நேர வகுப்பு, பிஸ்கட்டோடு. டிரைவரை ஒப்பந்தக்காரர் ஷிப்ட் பஸ்ஸுக்கு மாற்றிவிட்டார். சம்பளம் குறைவு, ஞாயிறும் இல்லை. இன்னொரு புகார் வந்தால் அதுவும் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்களாம். எங்களுக்கு வந்த புது டிரைவர் நல்ல மனிதர். பொங்கல் வாங்கிக் கொடுத்தால் காருக்கு வெளியே நின்று சாப்பிடுகிறார்.

பாதுகாப்பு என்கிறார்கள். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் ஒரு வீட்டுக்குள் கூப்பிடப்பட்டது அன்று ஒருநாள்தான். அதிலிருந்துதான் எங்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இனி, போகிறவர்களுக்கு. ஏரிக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள், காலை ஒன்பதுக்குள் திரும்புங்கள், தொப்பி அவசியம், கரையில் நிழல் இல்லை. கழிப்பறை வசதியை எதிர்பார்க்காதீர்கள். சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரு டீ குடியுங்கள், பதினைந்து ரூபாய். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டப் பேச்சும் அங்கே கேட்கும். முக்கியமாக, கம்பெனிக் காரில் போகாதீர்கள். வெளி டாக்சி அரை நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு கேட்பார்கள், பேசிக் குறையுங்கள். டிரைவர் சாப்பிடக் கூப்பிட்டால் போங்கள். உங்கள் காசில் ஓடும் வண்டி எவ்வளவு நேரம் நின்றாலும் எவனும் காரணம் கேட்க முடியாது.

இந்தப் பதிவை முதலில் கம்பெனி பெயர், மேலாளர் பெயர், கீழே என் முழுப் பெயர், பதவி எல்லாம் போட்டுத்தான் எழுதினேன். நேற்று அந்த டிரைவருக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிரியாணி வந்த இடத்தில் சிரித்தார்.

"நல்லாக் கீது சார். ஆனா உங்க பேரப் போட்டீங்கன்னா உங்களுக்கு ஒரு மெயில் வரும். எனக்கு பஸ் போயிடும்."

"உங்க பேரை நான் எங்கயும் எழுதலயே."

"உங்க வண்டிய யார் ஓட்னாங்கன்னு கேட்டா, ஆப்பே சொல்லிடும் சார்."

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, ஷிப்டுக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டார்.

அடையாளம் காட்டும் இரண்டு மூன்று விவரங்களை இன்று மாற்றிவிட்டேன். கம்பெனி பெயரையும் மேலாளர் பெயரையும் எடுத்துவிட்டேன். கடைசியாக என் பெயரை எடுக்கத்தான் நேரம் பிடித்தது. எடுத்துவிட்டேன். பதிவேற்றுகிறேன்.