பாதியில் நின்ற நம்பர்

திண்டிவனத்தில் எனக்கு ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆபீஸ் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு ரூம், இரண்டு கம்ப்யூட்டர், நான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருப்பேன். இந்த வாரம் அந்த ஆள் நான்தான்.

ஒரு தனியார் பள்ளிக்கு மெசேஜ் அனுப்பும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திடீர் லீவு என்றால், விழுப்புரத்தில் இருக்கும் அவர்களுடைய சர்வரிடம் என் புரோகிராம் பெற்றோர் நம்பர்களைக் கேட்கும். வரிக்கு ஒரு நம்பராக வரும். வந்த நம்பருக்கெல்லாம் மெசேஜ் போகும். இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது? — அப்படித்தான் நினைத்தேன்.

போன மாதம் ஒரு நாள் பள்ளியில் மோட்டார் எரிந்துபோய்த் தண்ணீர் இல்லை. லீவு. காலையிலேயே மெசேஜ் போனது. மதியம் எனக்கு ஒரு போன் வந்தது.

கூட்டேரிப்பட்டிலிருந்து செல்வி என்கிற அம்மா. பள்ளியில் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது படிக்கும் மகளை ஜங்ஷனில் வேனுக்கு நிறுத்திவிட்டு, மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது வேர்க்கடலை வயலுக்கு, களையெடுக்கப் போயிருக்கிறார். வேன் வரவில்லை. வேன் வரும்வரை நகரக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் பிள்ளையும் நகரவில்லை. லாரியும் பஸ்ஸும் பறக்கிற அந்த ரோட்டோரத்தில், வெயிலில்... கடைசியில் பூக்கடை அம்மா ஒருவர் பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

“எனக்கு மெசேஜே வர்ல சார். புள்ள ரோட்லயே நின்னுக்கினு இருந்துருக்குது.”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மன்னிப்புக் கேட்டுவிட்டு, யார் யாருக்கு மெசேஜ் போனது என்று பதிவாகும் லாகைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிஷம் கூட ஆகாது.

“எல்லாருக்கும் போயிருக்கும்மா. வீட்ல பசங்க போனை நோண்டி டெலீட் பண்ணியிருக்கும், பாருங்க” என்றேன்.

சரிங்க சார் என்று வைத்துவிட்டார். களையெடுக்கிற அம்மாவுக்குப் போன் பார்க்கத் தெரியாது என்று நானே முடிவு செய்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இந்த மாதம் பள்ளியிலிருந்தே புகார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் யாருக்குமே மெசேஜ் வருவதில்லையாம். பள்ளி கேட்டதும் லாகை உடனே திறந்தேன் — அதைக் கவனியுங்கள். லீவு விட்ட நாளின் கடைசி நம்பர் ஆறு இலக்கத்தோடு பாதியில் நின்றிருந்தது.

நான் புரோகிராம் எழுதப் பயன்படுத்தும் நோட் ஜேஎஸ்ஸைக் கற்றுக்கொள்கிறவர்கள் ஆரம்பத்திலேயே படிக்கிற பாடம்தான். சர்வர் தரும் பதில் ஒரே மூட்டையாக வராது, துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் ‘டேட்டா’ என்று ஒரு அறிவிப்பு. எல்லாம் வந்து தீர்ந்த பிறகுதான் ‘எண்ட்’. அதுவரை சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நானோ முதல் துண்டு வந்ததுமே வேலை முடிந்தது என்று எழுதி வைத்திருந்தேன். டெஸ்ட் செய்தபோது இருந்த நம்பர்கள் கொஞ்சம், ஒரே துண்டில் வந்துவிட்டன. இந்த வருஷம் பிள்ளைகள் அதிகம். பட்டியலின் கடைசியில் இருந்த புதுப் பிள்ளைகளின் நம்பர்கள் இரண்டாவது துண்டில் வந்து, கேட்க ஆளில்லாமல் போயின.

அந்த ஆறு இலக்கத்தை என் போனில் போட்டுத் தேடினேன். செல்வியின் நம்பர்.

சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டுப் போய்விடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு யோசனை வந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். பிறகுதான் அவருக்குப் போன் செய்தேன். தப்பு என்னுடையது, உங்கள் போனில் ஒரு குறையும் இல்லை என்றேன்.

வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் எதிராளி வாய் திறக்குமுன் நானே எதையாவது பேசி நிரப்பிவிடுவேன். அன்று காத்திருந்தேன்.

“நீங்க சொன்னத கேட்டு, போன ஏண்டி நோண்டினன்னு புள்ளைய அடிச்சிட்டேன் சார்” என்றார். “இல்லம்மா, இல்லம்மான்னு சொல்லிக்கினே இருந்துச்சு.”

திட்டவில்லை. வைத்துவிட்டார்.

‘எண்ட்’ வரும்வரை காத்திருக்கச் சொல்லி நாலு வரி சேர்த்தேன், புரோகிராம் சரியாகிவிட்டது. விழுந்த அந்த அடிக்கு எந்த வரியைச் சேர்ப்பது?