பூவாயிக்குப் பேர் கூப்பிட்ட கங்காணி

கங்காணி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது, நனைந்த தலைப்பாகையோடு எங்கள் லயத்து வீட்டு வாசலில் குனிந்து எட்டிப் பார்த்த முகம்தான். நமுனுகுல மலையில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் அந்த முகத்தைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அவரை நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. விடியுமுன் தப்பு மேளம் அடித்தால் எல்லாரும் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். அவர் பேர் கூப்பிடும்போது குரல் கொடுத்தவர்களுக்குத்தான் அன்றைக்கு வேலை; எந்தத் தேயிலை மலைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். பிந்தி வந்தவர்களைப் பிரம்பால் விரட்டுவார். என் அப்பாவின் முதுகிலும் அந்தப் பிரம்பு விழுந்திருக்கிறது.

என் தங்கை பூவாயிக்கு அப்போது எட்டு வயது. பெரியவளாகிக் கொழுந்து எடுக்க வேண்டும், பெரட்டில் தன் பேரையும் கூப்பிட வேண்டும் என்பதே அவளுடைய ஆசை. அதற்குள் உடம்பு வெளிறி, வயிறு வீங்கி, படுத்த படுக்கையாகிவிட்டாள். பதுளைக்கு ரயில் வராத காலம். கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போய் அங்கே ஆஸ்பத்திரியில் காட்டினோம். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, பிள்ளை கேட்பதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை கேட்டது அம்மாவைத்தான். சில நாள் வீட்டிலிருக்க விடும்படி அம்மா கங்காணியிடம் கெஞ்சினாள். முடியாது என்றார். மறுநாள் அம்மா பெரட்டுக்குப் போகவில்லை.

அதற்காகத்தான் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மாவை நோக்கிப் பிரம்பை ஓங்கியதும், பாயில் கிடந்த தங்கை சொன்னாள்:

"ஐயா, அம்மாவ அடிக்காதீங்க. எம்பேரக் கூப்பிடுங்க, நா வர்றேன்."

எழுந்து உட்காரக்கூட முடியாத பிள்ளை. கங்காணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உம்பேரென்ன?" என்று கேட்டார். அவள் சொன்னாள். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெரட்டில் கூப்பிடும் அதே அதட்டல் குரலில், "பூவாயி!" என்றார்.

"இருக்கேங்க!"

"மேமலைக்குப் போ. கொழுந்த முத்தவிடாத."

அன்று முதல் தினமும் பெரட்டுக்குப் போகும் வழியில் வாசலில் நின்று அவள் பேரைக் கூப்பிட்டார். ஒரு மலையைச் சொல்லிவிட்டுப் போவார். என்னைக் காவல் வைத்துவிட்டு அம்மா வேலைக்குப் போவாள். பூவாயி பகலெல்லாம் படுத்தபடியே அந்த மலையில் கொழுந்து எடுப்பாள். கஞ்சி ஊட்டப் போனால், "கொழுந்து நெரையில நிக்கிறேன், அப்பறமா வாக்கா" என்பாள். அம்மா திரும்பியதும், "இன்னிக்கு எங் கூடை நெறஞ்சிருச்சும்மா" என்பாள். வலியில் முனகிக் கிடந்த பிள்ளை சிரித்தது அந்த நாட்களில்தான். ஆனால் அம்மாவை மட்டும் அவர் ஒரு நாளும் வீட்டிலிருக்க விடவில்லை. பிள்ளைக்கு இரங்கத் தெரிந்த மனுசனுக்கு, அவளுக்கு அம்மா பக்கத்தில் வேண்டும் என்பது தெரியாமல் போனதே என்று இப்போதும் ஆத்திரம் வருகிறது. இன்று ஆஸ்பத்திரிகளில் பிள்ளையின் கட்டிலருகே தாய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கூடவே அழுகையும் வருகிறது.

ஒரு நாள் விடியற்காலையில், அம்மா புறப்படுமுன், அவள் மடியிலேயே பூவாயியின் மூச்சு நின்றுபோனது. நாங்கள் இன்னும் அழத் தொடங்கவில்லை. வாசலில் கங்காணி, "பூவாயி!" என்றார். பெரட்டில் பதில் வராத பேரை அவர் மறுபடி கூப்பிட்டதே கிடையாது. அன்றைக்குக் கூப்பிட்டார்.

பிள்ளையின் முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் அம்மா, "இருக்கேங்க" என்றாள்.

கங்காணிக்கு எந்த மலையைச் சொல்வதென்று தெரியவில்லை.