ஜீரோவுக்குக் கீழே ஒரு வாய்ப்பு

போன வாரம் இந்தப் பத்தியை ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தேனியில் ஓர் ஆஸ்பத்திரி வராண்டாவில் இருந்தேன். மனைவிக்கு இதய ஆபரேஷன்.

"பிழைக்கிற வாய்ப்பு பாதிக்குப் பாதி" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டார். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வது? காலையிலிருந்து உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து... பயப்படக்கூடத் தெம்பில்லை.

பக்கத்தில் என் தம்பி. உத்தமபாளையத்தில் கல்லூரியில் பிசிக்ஸ் நடத்துகிறான். அப்பா, அம்மா போனபின் அவனுக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்தவள் உள்ளே கிடக்கிறவள்தான்.

"எதையாவது பேசுடா," என்றேன்.

"என்னத்தண்ணே பேச? நேத்து நடத்துனதச் சொல்லவா? நெகட்டிவ் பிராபபிலிட்டி. வாய்ப்பு மைனஸ்ல வர்றது."

"நடக்கவே நடக்காதுன்னா ஜீரோ. அதுக்குக் கீழ என்னடா இருக்கு?"

"பிள்ளைகளும் அதத்தான் கேட்டுச்சுக." பெஞ்சில் விரலால் கட்டம் கட்டமாகப் போட்டான். "ஒரு எலக்ட்ரான் எங்கன இருக்கு, எம்புட்டு வேகத்துல போகுது... ரெண்டையும் ஒண்ணா, துல்லியமா அளக்க முடியாது. முடியும்னு வச்சு இப்படிக் கட்டம் போட்டு, ஒவ்வொண்ணுலயும் வாய்ப்ப எழுதுனா, சில கட்டத்துல மைனஸ் வந்துரும்."

"அப்ப கணக்கு தப்பு."

"கணக்கு சரிதாண்ணே. இடத்த மட்டும் அளந்தாலும் சரி, வேகத்த மட்டும் அளந்தாலும் சரி... அந்த வரிசைக் கட்டத்தையெல்லாம் கூட்டிப் பாத்தா மைனஸே இருக்காது. யாரும் பாக்க முடியாத எடத்துலதான் அது கெடக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல முடிவாகி இருக்குன்னு நாம நெனச்சோம் பாருங்க, அதுதான் தப்பு..."

நிறுத்திவிட்டான். ஆபரேஷன் அறைக் கதவைப் பார்த்தான்.

"மதினி பிழைச்சுக்குவாகளாண்ணே?"

நாற்பது வயசு ஆள். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அவன் பாடம் நடத்தியது எனக்காக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். வேறென்ன தெரியும் எனக்கு?

சாயங்காலம் கதவு திறந்தது. "தாங்கிட்டாங்க," என்றார் டாக்டர். உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் உள்ளே விட்டார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் தம்பி, "அண்ணனுக்குக் குவாண்டம் நடத்துனேன் மதினி," என்றான்.

அவள் மெல்லக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "இவருக்கா? அதக் கேக்குறதுக்கு நான் மயக்கத்துல கெடந்ததே தேவல."

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம் — அதைத் திட்டு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.