எனக்கு முன்னால் மலை ஏறிய விலை

1. பாறையில் இறங்கிய குரல்

காரமடையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, அடிவாரத்தில் இறங்கி, மிச்ச வழியை நடந்தே ஏறிப் பதிக்குப் போய்ச் சேர்ந்தேன். மலையில் இருளர் மக்கள் குடியிருக்கும் ஊரைப் பதி என்போம். மலைவிளைபொருள் வாங்கி விற்கும் சங்கத்தில் நான் கொள்முதல் சூப்பர்வைசர். தேன், சீயக்காய், பூச்சக்காய் என்கிற பூந்திக்கொட்டை, துடைப்பம் கட்டும் சீமாற்றுப் புல் எல்லாவற்றுக்கும் மேட்டுப்பாளையத்தில் இந்த வாரம் என்ன விலை என்று மேலே போய்ச் சொல்வதும், சரக்கைப் பார்த்து எடை போடுவதும் என் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் அதைத்தான் செய்தேன்.

நான் போய்ப் பையை இறக்கி வைத்தால் ஆட்கள் கூடிவிடுவார்கள். யாராவது ஒருவர் கட்டிலை இழுத்துப் போடுவார், இன்னொருவர் வரக்காப்பி கொண்டுவருவார். விலையை உடனே சொல்லிவிட மாட்டேன். காப்பியைக் குடித்துவிட்டு, மழை தண்ணி எப்படி என்று விசாரித்துவிட்டு, கடைசியில்தான் சொல்வேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கூட அப்படி ஒரு கவனிப்பு இருக்காது.

அன்றைக்கு யாரும் கூடவில்லை. ரேசி மட்டும் வந்தாள். அவள் வீட்டுக்காரன் பாறையில் கயிறு கட்டி இறங்கித் தேன் வெட்டுகிறவன். வெட்டி வந்த தேனை வடித்துக் கேனில் ஊற்றுவது அவள் பொறுப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு, பூச்சக்காய் விலை ஏறியிருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

"அது காலையிலயே வந்துருச்சுங்க சார்," என்றாள் ரேசி.

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து அமுக்கினாள். ஒரு பெண் குரல் இருள மொழியில் பேசியது. எனக்கு முக்கால்வாசி புரியும். பூச்சக்காய் இன்ன விலை, சீயக்காய் இன்ன விலை, நாளைக்குச் சாயங்காலம் மழை வரலாம், காயப்போட்டதை அள்ளி வையுங்கள். நான் சுமந்து வந்தது மொத்தமும் அதில் இருந்தது. கூடவே, வெள்ளிக்கிழமை மண்டி லீவு என்று எனக்கே தெரியாத ஒரு சேதியும் இருந்தது. காப்பி வந்தது, ஆனால் ஆறிப்போய் வந்தது.

2. மருதி

குரலுக்குச் சொந்தக்காரி மருதி, அதே பதியில் பிறந்து பிளஸ் டூ வரை படித்த பெண். தகவல் திட்டம் என்று ஒன்று சங்கத்துக்கு வந்தபோது அவளை வேலைக்கு எடுத்து, ஒரு போனும், தேனில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் மீட்டர் ஒன்றும் கொடுத்தார்கள். தினமும் காலையில் மண்டிக்குப் போன் போட்டு விலை கேட்டு, வாய்ஸ் மெசேஜாகக் குரூப்பில் போடுவாள். பதியில் டவர் கிடைப்பது ஒரே ஒரு பாறையில்தான். யாராவது ஒருவர் அதில் ஏறி மெசேஜை இறக்கிக்கொண்டு வந்தால், கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்கக் கேட்டுவிடும்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. தினமும் காலையில் பல்லைக்கூட விளக்காமல் அவள் மெசேஜைக் கேட்பேன். எங்காவது ஒரு விலையைத் தப்பாகச் சொல்ல மாட்டாளா என்றுதான். என் வீட்டுக்காரி ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ள பேசறத இத்தன கவனமாக் கேக்கறீங்களே, நான் பேசறத ஒரு நாளாச்சும் இப்படிக் கேட்டிருக்கறீங்களா?"

போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டேன். ஆபீசில் எல்லாரும் மருதி, மருதி என்றார்கள். மீட்டிங்கில் என்னைக் கேட்டு முடிவு செய்த செயலாளர் இப்போது "மருதி என்னங்க சொல்லுது?" என்று என்னிடமே கேட்டார். அவள் மெதுவாகப் பேசினால் தலைக்கனம் என்று நினைத்தேன். வேகமாகப் பேசினால் படபடப்பு என்று நினைத்தேன். புதுச் செருப்புப் போட்டு வந்தாலும் எனக்கு ஆகவில்லை.

அந்த வருஷம் தேன் சீசனுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. டவுனில், உக்கடத்தில் தேனும் நாட்டு மருந்துச் சரக்கும் மொத்தமாக வாங்கி விற்கும் சுலைமான் பாய், சாம்பிள் சரியாக இருந்தால் சீசன் தேன் மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பாய் போட்ட கோடு ஒன்றுதான்: மீட்டரில் தண்ணீர் இருபது சதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தேன் புளித்துப் பொங்கிவிடும். பாய் எடுக்காவிட்டால் சரக்கு மறுபடி அடிவாரத்துத் தரகரிடம்தான் போக வேண்டும். அவர் பாதி விலை கொடுத்து, அதையும் தவணையில் கொடுப்பவர்.

அதனால் மருதி புதுமுறை சொல்லிக்கொடுத்தாள். தேனடையைப் புழுவோடு சேர்த்துப் பிழியக்கூடாது. தேன் முற்றியதும் தேனீ மெழுகால் மூடிய பாகத்தை மட்டும் அறுத்து எடுக்க வேண்டும். மிச்சத்தைப் பாறையிலேயே விட்டுவிட வேண்டும். எடுத்ததைச் சுத்தமான துணியில் கட்டித் தானாகச் சொட்ட விட வேண்டும். இதை வீடியோவாகவே எடுத்துக் காட்டினாள். பாறையடியில் அடையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மீட்டரில் தடவி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தாள். பத்தொன்பதுக்கும் கீழே காட்டியது. ஊரே அந்த மீட்டரைக் கண்ணில் வைத்துப் பார்த்துக் கைதட்டியது. நானும் தட்டினேன், மெதுவாக.

3. உக்கடத்தில்

சாம்பிள் கேன்களை எடுத்துக்கொண்டு பாயிடம் நான்தான் போவது வழக்கம். இந்தத் தடவை மருதியும் வந்தாள். பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் கேட்டாள், கொடுத்தேன். காந்திபுரத்தில் மாறி உக்கடத்தில் இறங்கினோம்.

பாயும் நானும் வெகு நாள் பழக்கம். போனவுடன் "வாங்க தொரசாமி" என்று நாற்காலியைத் தட்டுவார், டீ வரும், என் மூட்டுவலி பற்றிக் கேட்பார். அன்றைக்கும் தட்டினார். ஆனால் மருதி பையிலிருந்து மீட்டரை எடுத்ததும் அவர் தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். எந்தப் பாறை, எந்தப் பூ, எப்போது வெட்டினது என்று அவளிடம் கேள்வி மேல் கேள்வி. அவளும் சொல்லிக்கொண்டே போனாள். டீயைக் குடித்துவிட்டுக் கல்லாவுக்கு மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாய் தன் மீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு வேறு கேனில் எடுத்துப் பார்த்தார். பிறகு மருதியின் மீட்டரிலும் பார்த்தார்.

"இருபத்திரண்டு காட்டுதும்மா. நீயே பாரு," என்றார்.

அவள் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும், இவள் எம்மாத்திரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே, ச்சு ச்சு என்றேன்.

பாய் நல்ல மனுஷர். அடுத்த வாரம் ஒரு தடவை கொண்டுவரச் சொன்னார். அப்போதும் இப்படியே இருந்தால் வேறு மலையில் பார்த்துக்கொள்வதாகவும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார்.

4. திரும்பும் பஸ்ஸில்

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மருதி போனை எடுத்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். குரூப்பில் சொல்லப் போகிறேன் என்றாள். மேலே பாறையில் ஊரே உட்கார்ந்து காத்திருக்கும்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. சரக்கு வேண்டாம் என்று கழித்துவிட்டால், மழையில் தண்ணீர் ஏறிய மழைத் தேன் என்று சொல்லிவிட வேண்டியது. வருஷா வருஷம் அப்படித்தான் சொல்லுவோம். மழை மேல் யாரும் வழக்குப் போட முடியாது. எனக்கு முன்னால் இருந்தவரும் அதைத்தான் சொன்னார், நானும் அதை நம்பித்தான் சொன்னேன். எரிச்சல் ஒரு பக்கம் இருந்தாலும், சின்னப் பெண் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாளே என்று வழி சொன்னேன்.

"கண்ணு, மழைன்னு சொல்லிப்போடு. மீட்டரு கீட்டரெல்லாம் இழுக்காதே. அத்தனை பேரும் உன் தலையிலதான் ஏறுவாங்க."

"அவங்க தேனுங்க சார். அவங்களுக்குத் தெரியோணுமுங்க," என்றாள்.

பாய் சொன்னதையும், மீட்டர் காட்டியதையும், தான் சொல்லிக்கொடுத்ததில்கூடத் தப்பு இருக்கலாம் என்பதையும் ஒன்றுவிடாமல் சொல்லி அனுப்பிவிட்டாள்.

கவுண்டம்பாளையம் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டது. போன் கதறியது. ஒருத்தன் மீட்டர் பொய் என்றான். ஒருத்தன் பாய் ஏமாற்றுகிறார் என்றான். அவள் சித்தப்பன், பாதி அடையைப் பாறையில் விட்டுவிட்டு வரச் சொன்னவளே நீதானே, இப்போது அதுவும் போச்சு இதுவும் போச்சு என்று கத்தினான். மருதி ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். சிலருக்கு அவளும் கத்தித்தான் சொன்னாள். முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

எனக்குக் கொண்டாட்டம். முதலில். துடியலூர் வந்தபோது அந்தச் சந்தோஷம் எங்கேயோ நழுவிப் போயிருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை சரக்கைக் கழித்திருக்கிறேன், விலையைக் குறைத்திருக்கிறேன். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், என்னைப் பார்த்து "நீ சொல்றது தப்பு" என்று சொன்னதில்லை. "செரிங்க சார்" என்பார்கள், அவ்வளவுதான். காப்பி கொடுத்து அனுப்புவார்கள். மரியாதை என்று நினைத்திருந்தேன். இவளை மானாவாரியாகத் திட்டுகிறார்கள், அதையும் விடாமல் திட்டுகிறார்கள். இவள் சொன்னால் ஏதாவது மாறும் என்று நம்பினால்தானே இந்தத் திட்டு? அந்தப் பஸ்ஸில் எனக்கு வந்த பொறாமை மாதிரி அதற்கு முன்னால் வந்ததில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் ரேசியின் மெசேஜ் வந்தது. அவளுக்கு மகாக் கோபம். என் தேனைக் குறை சொல்கிறாயா என்று எடுத்த எடுப்பிலேயே பிடித்தாள்.

"சுத்தம் சுத்தம்னு நீதான சொன்னே. ஒவ்வொரு கேனுக்கும் துணிய அலசி அலசித்தான் கட்டுனேன். காஞ்ச துணியில கட்டுனா துணியே பாதித் தேனைக் குடிச்சுப்போடும்னு எங்களுக்குத் தெரியாதா? நனைச்சுத்தான் வடிச்சேன்!"

மருதி அதை மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டாள். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"துணிங்க சார்," என்றாள்.

அடையில் இருந்தபோது பத்தொன்பதுக்குக் கீழே. ஈரத்துணி வழியாகக் கேனுக்குள் இறங்கும்போது இருபத்திரண்டு. மலையில் எல்லா வீட்டிலும் துணியை நனைத்துத்தான் தேன் வடிப்பார்கள். துணி தேனைக் குடித்துவிடக்கூடாது என்கிற சிக்கனம். அந்த ஈரத்துணி சொட்டுவதை வருஷா வருஷம் நின்று பார்த்திருக்கிறேன். வீடியோவில் சுத்தமான துணி என்று சொன்ன மருதியும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள்தான். காய்ந்த துணி என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. ரேசிக்குக் கோபம் வராமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

5. அதற்குப் பிறகு

காரமடைக் கடைவீதியில் எவர்சில்வர் வலைச் சல்லடைகள் வாங்கிப் போனோம். சல்லடை தேனைக் குடிக்காது, அதனால் நனைக்கவும் வேண்டாம். சல்லடைக்கும் ரேசி இரண்டு நாள் சண்டை போட்டாள், ஓட்டை பெரிசு, மெழுகு இறங்குகிறது என்று. அவள் சொன்னதும் சரிதான், மாற்றினோம். அடுத்த வாரம் பாய் மீட்டரைப் பார்த்துவிட்டுச் சீசன் தேன் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார். மருதிக்கு ஒரு டப்பா அல்வாவும் கொடுத்தார். இருபது வருஷப் பழக்கத்தில் எனக்கு ஒரு தடவைகூட அல்வா வந்ததில்லை. பொறாமை என்னவோ அப்படியேதான் இருந்தது. இன்னமும் கொஞ்சம் இருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். மீட்டரையும் போனையும் எப்படிப் பிடிப்பது என்று மருதி சொல்லிக்கொடுப்பாள். நீங்கள் சொல்வதற்கெல்லாம் ஊர் தலையாட்டினால் மட்டும் சந்தோஷப்படாதீர்கள். பயப்படுங்கள். அவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களிடம் வந்து சேரவில்லை.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். குரூப்பில் இருந்து மருதி என்னை நீக்கவில்லை. சும்மா இருக்க முடியுமா? போன மாதம் ஒரு நாள் காலையில் மேற்கே மேகம் கருத்திருந்ததைப் பார்த்து, மழை வருகிறது, காயப்போட்ட சீயக்காயை அள்ளி உள்ளே போடுங்கள் என்று ஒரு மெசேஜ் போட்டேன். மத்தியானம் ரேசியிடமிருந்து பதில் வந்தது.

"சார், காரமடையில உக்காந்துக்கிட்டு எங்க மேகத்தச் சொல்லாதீங்க. இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. அள்ளி வெச்சுட்டு ஏமாந்து போனோம். தெரியலைன்னா பேசாம இருங்க."

என் வீட்டுக்காரிக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வயசான மனுஷனை இப்படியா பேசுவது, நீங்கள் எதற்கு இளிக்கிறீர்கள் என்று என்னையும் சேர்த்துப் பிடித்தாள்.

"உனக்குத் தெரியாது அம்மணி. இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் அவங்க எங்கூடப் பேசியிருக்கறாங்க," என்றேன்.