கம்ப்யூட்டர் அறையில் பத்து நிமிடம்

தொண்ணூறுகளின் நடுவில், கிணத்துக்கடவில் எங்கள் வீட்டில் ஏசி இருந்தது ஒரே அறையில்தான். அதுவும் மனிதர்களுக்கு இல்லை, அண்ணனின் கம்ப்யூட்டருக்கு. சூடேறினால் கெட்டுப்போகும் என்று விற்றவர் சொன்னதை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பெண் பார்க்க வந்த மத்தியானம், "ரெண்டு பேரும் பத்து நிமிசம் பேசிட்டு வாங்க அம்மணி" என்று அத்தை என்னையும் மாப்பிள்ளையையும் அந்த அறைக்குள் தள்ளிவிட்டதும் அந்தக் குளிர்ச்சிக்காகத்தான்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். இந்தச் சம்பந்தம் முடிவானால் அது போச்சு. மாப்பிள்ளைக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பஞ்சாலையில் வேலை. அங்கிருந்து பக்கத்து ஊருக்கே அரை நாள் பயணமாம். இந்த ஆளே என்னை வேண்டாம் என்று சொல்லித் தொலைத்தால் தேவலை என்று நினைத்தேன். கை சும்மா இருக்க மாட்டாமல், கம்ப்யூட்டரில் பாதியில் விட்டிருந்த விளையாட்டைத் தட்டிவிட்டேன்.

எங்கோ ஒரு கிரகத்தில் ஆராய்ச்சி நிலையம். ஆட்கள் யாரும் இல்லை, அவர்கள் பதிவு செய்துவைத்த குரல்கள் மட்டும் பேசும். கண்ணாடிக்கு வெளியே, வானத்தை அடைத்துக்கொண்டு ஏதோ ஒன்று நகரும். அதைச் சுட முடியாது. அது நம்மைத் துரத்தவும் செய்யாது. நாம் இருப்பதே அதற்குத் தெரியாது. எனக்குப் பயமே அதுதான்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "ஆஃப் பண்ணிப்போடுங்க" என்றார் திடீரென்று. முகம் வெளுத்திருந்தது.

"வெறும் கேமுங்க."

"ஆப்பிரிக்காவுல எங்க குவார்ட்டர்ஸும் இப்படித்தானுங்க. ஞாயித்துக்கெழம மெஷின் நின்னுதுன்னா ஒரு சத்தம் இருக்காது. ரேடியோவுல எவனோ பேசறதுக்கு நான் பதில் சொல்லிட்டு உக்காந்திருப்பேன். திரும்பிப் போறதுக்கே பயமா இருக்குதுங்க. ஊட்ல சொல்லல."

பாவமாக இருந்தது. எரிச்சலும் வந்தது. "அதுக்குத் துணைக்கு என்னையக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பெங்களூர் விஷயத்தையும் கொட்டிவிட்டேன்.

"அப்ப நீங்க பெங்களூரு போங்க. வேண்டாம்னு நானே சொல்லிப்போடறேன்" என்றார். அந்த நிமிடம் அவரை எனக்குப் பிடித்துப்போனது. அது வேறு வயிற்றெரிச்சல்.

கூடத்துக்கு வந்தால், அப்பா காலண்டரைக் கழற்றி மடியில் வைத்து முகூர்த்தத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டாரும் அதன்மேல் கவிழ்ந்திருந்தார்கள். நாங்கள் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. பிறகுதான் அப்பா நிமிர்ந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, தை மாசம் வெச்சுக்கலாமுங்களா?"

இலையில் நாலாவது தடவை சோறு விழுந்தாலும் வேண்டாம் என்று சொல்லக் கூசுகிற ஜனம் நாங்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"செரிங்க மாமா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயந்தாங்கொள்ளி, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று மனதுக்குள் திட்டினேன். அதற்குள் அப்பா என் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீ என்ன சொல்ற கண்ணு?"

கூடம் நிறையச் சிரித்த முகங்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாயைத் திறந்தேன்.

"செரிங்கப்பா."

திங்கட்கிழமை பெங்களூர் பஸ் நான் இல்லாமல் போனது.